ஆதிச்சநல்லூர் தாழிக்காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதிச்சநல்லூரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொன்னைப் பற்றியதாகவோ, அது எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதைப் பற்றியதாகவோ அமைந்துவிடுகிறது. ஆதிச்சநல்லூர் மேடு எல்லாவற்றுக்கும் முன்பாக, தாழி எனும் பெரிய மட்கலங்களில் இறந்தோரை வைத்த ஓர் இடுகாடு. ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு சமூகம் தன் இறந்தோரைப் பல நூற்றாண்டுகளாக ஒரே நிலத்தில் அடக்கம் செய்துவந்தது. நாம் காணும் பொருள்கள் அனைத்தும் அந்த அடக்கத்தின் பகுதிகளே. கீழே உள்ள விடைகள் இந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டவை.

ஆதிச்சநல்லூர் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடி மாவட்டம், திருவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவு. சாலையை ஒட்டியே மேடு தொடங்கிவிடுகிறது. உள்ளூரில் அதைப் பறம்பு என்றே சொல்வார்கள். தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை ஆய்வு செய்த காலத்திலிருந்தே அதன் பரப்பு 114 ஏக்கர் என்று குறிக்கப்பட்டு வருகிறது. தென்னிந்தியாவில் அதுவரை அறியப்பட்டிருந்த வரலாற்றுக்கு முந்தைய இடங்களுள் இதுவே மிகப் பெரியது என்று அவர் கருதினார். சாலையிலிருந்து பார்ப்பவருக்குச் செம்மண்ணும் சரளைக் கல்லும் முட்செடிகளும் நிறைந்த ஒரு வெற்று மேடாகவே அது தோன்றும். மண்ணுக்குள் இருப்பது என்னவென்று மேற்பரப்பு சொல்வதில்லை. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் தடித்த சிவப்பு ஓடுகளை உற்றுப் பார்க்கிறவருக்கு மட்டும் அது ஓரளவு தெரியும்.

ஊரை விட்டு அந்த மேட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அதற்கான விளக்கம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம் வண்டல் படிந்தது, நெல் விளைவது. பறம்போ பாறையின் மேல் சரளை மூடிய மேட்டு நிலம். அங்கே ஏர் ஓடாது, தண்ணீரும் ஏறாது. விளைநிலத்தில் ஒரு முழத்தைக்கூட இழக்காமல், வெள்ளம் எட்டாத உயரத்தில், ஊரின் பார்வைக்கு உட்பட்ட தொலைவில் இறந்தோரை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இன்றும் இடுகாடு புறம்போக்கு மேட்டில்தான் இருக்கிறது. அதற்கும் காரணம் ஏறத்தாழ இதுவே.

ஆனால் இந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. பாறையில் குழி வெட்டுவது எளிதான வேலை அன்று. தாழிகளுள் பல, வெண்கற்பாறையைக் குடைந்து அமைத்த குழிகளில் வைக்கப்பட்டவை. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே பாறையைத் தடுப்பாக விட்டிருப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரும்புக் கருவிகள் கையில் இருந்த, ஒரு சாவுக்காகப் பலர் கூடி உழைக்க முன்வந்த சமூகத்தால்தான் இது இயன்றிருக்கும்.

அங்கே வாழ்ந்தவர்களின் ஊர் கிடைத்ததா?

நூறாண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது. இடுகாடு இவ்வளவு பெரியதாக இருக்கும்போது ஊர் எங்கே போயிற்று என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. 2005ஆம் ஆண்டில், இடுகாட்டின் சரிவை ஒட்டிய பகுதியில், மக்கள் குடியிருந்ததற்கான தடயங்களை இந்தியத் தொல்லியல் துறையினர் கண்டனர். குயவர்களின் சூளைகள், சாம்பல், சுடுமண் மணிகள், சூதுபவள மணிகள், இரும்புப் பொருள்கள், குறியீடுகள் கீறப்பட்ட பானை ஓடுகள் ஆகியவை அங்கே வெளிப்பட்டன. 2020இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும் இப்பகுதியில் அகழாய்வை மேற்கொண்டது.

சூளைகள் கிடைத்ததைச் சிறிய செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. ஓர் ஆள் குந்தி உட்காரக்கூடிய அளவுள்ள தாழியைத் தொலைவிலிருந்து உடையாமல் கொண்டுவருவது கடினம். இடுகாட்டுக்கு அருகிலேயே குயவர்கள் வேலை செய்தார்கள் என்றால், இறப்பும் அதற்கான கலம் வனைதலும் அந்த ஊரின் வழக்கமான வாழ்வோடு சேர்ந்தே இருந்தன என்று கொள்ளலாம்.

தாழியில் எப்படி அடக்கம் செய்தார்கள்?

ஒரே முறை எல்லோருக்கும் கையாளப்படவில்லை. சில தாழிகளில் முழு எலும்புக்கூடு, கால்களை மடக்கிக் குந்தவைத்த நிலையில் இருந்தது. இது இறந்தவுடன் உடலையே தாழிக்குள் வைத்த முறை. வேறு சிலவற்றில் மண்டையோடும் தேர்ந்தெடுத்த சில எலும்புகளும் மட்டுமே இருந்தன. இது, உடலை முதலில் வேறிடத்தில் இட்டு வைத்து, தசை அழிந்த பின் எலும்பைப் பொறுக்கி எடுத்துத் தாழியில் சேர்த்த முறை. முன்னதை முதல்நிலை அடக்கம் என்றும் பின்னதை இரண்டாம் நிலை அடக்கம் என்றும் தொல்லியலார் பிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் காணப்படுவதற்குக் காலமாற்றம் காரணமாக இருக்கலாம்; குடும்ப வழக்கங்களின் வேறுபாடும் காரணமாக இருக்கலாம்.

தாழியின் வாயைக் கூம்பு வடிவ மூடியாலோ மற்றொரு கலத்தைக் கவிழ்த்தோ மூடினார்கள். தாழியின் மேல் இன்னொரு பெரிய தாழியையே தலைகீழாகக் கவிழ்த்த இரட்டை அமைப்பும் உண்டு. தாழிக்கு உள்ளேயும் வெளியேயும் சிறு கலங்களை வைத்து, குழியை மண்ணாலும் கல்லாலும் நிரப்பினார்கள்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வு, இந்த இடுகாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான ஒன்றைக் காட்டியது. சிறிய பரப்பிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளில் இருந்தன. அடியில் உள்ளவை பழையவை, மேலே உள்ளவை பிந்தியவை. 114 ஏக்கர் மேட்டில் இடமில்லாமல் போனதால் இப்படி அடுக்கியிருக்க மாட்டார்கள். தம் முன்னோர் கிடந்த அதே இடத்தில் தம்மவரையும் வைக்க வேண்டும் என்ற எண்ணம் தலைமுறைகளைக் கடந்து தொடர்ந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு குடும்பத்துக்கோ ஒரு கிளைக்கோ உரிய மூலை என்று இடுகாட்டுக்குள் எல்லைகள் இருந்திருக்கலாம். எலும்புகளின் மரபணு ஆய்வு அடுக்கு அடுக்காக, தாழி தாழியாகச் செய்யப்பட்டால்தான் இதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முடியும்.

சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு தாழியில் வைத்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. முற்காலத்தில் மனிதர்கள் மிக நீண்ட காலம் வாழ்ந்தார்கள், வயது ஏற ஏற உடல் சுருங்கிக் குழந்தை அளவுக்கு ஆனார்கள், அவர்களை விளக்கு மாடத்தில் வைத்துக் காத்தார்கள், இறுதியில் கொஞ்சம் சோற்றோடும் நீரோடும் தாழிக்குள் இறக்கி மூடினார்கள் என்ற கதை தமிழ்நாட்டின் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. முதுமக்கள் தாழி என்ற வழக்கு இந்தக் கதைக்குத் துணை நிற்பதுபோல் தோன்றுவதால், படித்தவர்களும் இதை நம்புவதுண்டு.

சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. தாழிகளில் கிடைத்த எலும்புகள் முதியவர்களுடையவை மட்டும் அல்ல. இளம் வயதினருடையவையும் சிறுவர்களுடையவையும் உண்டு. முதியவர்களின் எலும்புகளும் வளர்ந்த மனிதர்களின் இயல்பான அளவில் உள்ளவையே, சுருங்கியவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிகள் இருக்கின்றன. உயிரோடு ஒருவரை இறக்கியிருந்தால் அப்படி ஒரு தாழி இருக்க வாய்ப்பே இல்லை. குந்தவைத்த நிலையும் உள்ளே இருக்கும் தானியமும் சிறு கலங்களும்தான் இந்தக் கதையைப் பிறப்பித்திருக்க வேண்டும். வழக்கம் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் உழும்போது தாழியைக் கண்டெடுத்தவர்கள், தாம் கண்டதற்குத் தமக்குத் தெரிந்த வகையில் ஒரு காரணம் சொன்னார்கள். கதை என்ற அளவில் அது சுவையானது. தாத்தா பாட்டியைப் புறக்கணித்த சமூகம் என்று அந்த மக்கள்மேல் பழி சுமத்த அதைப் பயன்படுத்தக் கூடாது.

உடலோடு எவற்றையெல்லாம் வைத்தார்கள்?

மட்கலங்கள்தான் எண்ணிக்கையில் மிகுதி. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்கள், கலங்களைத் தாங்கும் பிரிமனைகள், வெள்ளை நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் தீட்டிய கறுப்பு சிவப்புக் கலங்கள் ஆகியவை கிடைத்திருக்கின்றன. வெள்ளைத் தீட்டுள்ள இந்த வகை, தாமிரபரணிப் பகுதியின் ஈமக்காடுகளுக்கே உரிய அடையாளம்போல மிகுதியாகக் காணப்படுகிறது. நெல் உமியும் தினை வகையின் உமியும் துணியின் எச்சமும் தாழிகளில் இருந்ததாக ரீ பதிவு செய்திருக்கிறார்.

இரும்பில் வாள், வேல், அம்புமுனை, சூலம், கோடரி, மண்வெட்டி ஆகியவை உண்டு. அவற்றுள் ஆயுதங்கள் கிடந்த நிலையைப் பற்றி ரீ எழுதிய ஒரு குறிப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தாழியைச் சுற்றிலும் அவை முனை கீழ்நோக்கி இருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் தம் கையிலிருந்த ஆயுதத்தைச் சுற்றியிருந்த மண்ணில் குத்திவிட்டுச் சென்றதுபோல் அது இருந்தது என்கிறார். அவர் சொல்வது சரியானால், அந்த வாள்கள் அனைத்தும் இறந்தவரின் உடைமை ஆகமாட்டா. வந்து நின்றவர்களின் காணிக்கை ஆகும். ஒரு தாழியைச் சுற்றி இருக்கும் இரும்பைக் கொண்டு இறந்தவர் பெரிய வீரர் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெண்கலப் பொருள்கள் எண்ணிக்கையில் குறைவு. வேலைப்பாட்டில் மிகச் சிறந்தவை. மூடிகளின் உச்சியிலும் கலங்களின் தாங்கிகளிலும் எருமை, ஆடு, சேவல், மான், புலி, யானை, பறவைகள் ஆகிய உருவங்களை அமைத்திருக்கிறார்கள். கிண்ணங்களுள் சில, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் கலந்த கலவையால் ஆனவை. அந்த அளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் எளிதில் நொறுங்கும். அதைப் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் தட்டி மெல்லியதாக்கி, உடனே நீரில் தோய்த்துக் குளிரவைக்கத் தெரிந்த கைகளால்தான் அவை உருவாகியிருக்கின்றன.

சூலம், வேல், சேவல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, இங்கே முருக வழிபாடு இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அதே சாலை திருச்செந்தூரில் போய் முடிவது இந்த எண்ணத்துக்கு வலுச்சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் வேல் அக்காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த ஆயுதம். சேவல் எல்லோர் வீட்டிலும் வளர்ந்த பறவை. இந்த ஒப்புமையை ஓர் ஊகமாக வைத்துக்கொள்வதற்கு மேல் சான்று போதாது.

பொற்பட்டங்கள் கிடைத்ததால் இது அரசர்களின் இடுகாடு என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ரீ கண்டெடுத்தவை மெல்லிய பொன் தகட்டால் ஆன நீள்வட்டப் பட்டங்கள். அவற்றின் இரு முனைகளிலும் பட்டையும் கட்டுவதற்கான துளையும் உண்டு, மேற்பரப்பில் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன வேலைப்பாடு உண்டு. இறந்தவரின் நெற்றியில் கட்டப்பட்டவை என்று அவற்றைக் கருதுகிறார்கள். 2021 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தொடங்கிய அகழாய்வில், 2022இல் அதே வகையைச் சேர்ந்த ஒரு பட்டம் கிடைத்தது.

மிகப் பெரும்பாலான தாழிகளில் பொன் இல்லை என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. மட்கலமும் இரும்பும் மட்டும் உள்ளவை பல. சிலவற்றில் அவையும் குறைவு. ஒரே மேட்டில், ஒரே வகைத் தாழியில், செல்வம் உள்ளவரும் இல்லாதவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மேடு எல்லோருக்கும் பொது. உடன் வைக்கும் பொருளில்தான் வேறுபாடு. அரசர்களைப் பற்றிய கற்பனையைவிட இந்தச் செய்தி அந்தச் சமூகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

முதலில் தோண்டியவர் யார்? அந்தப் பொருள்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே வந்து தோண்டினார். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அப்போது உடன் இருந்தார். சுடுமண் கலங்கள், இரும்பு ஆயுதங்கள், ஏராளமான எலும்புகள், மண்டையோடுகள் ஆகியவற்றை அவர் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1903, 1904ஆம் ஆண்டுகளில் லூயி லாப்பீக் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டி எடுத்தவை பாரிசுக்குச் சென்றன.

யாகோருக்குப் பின், 1899ஆம் ஆண்டு தொடங்கி 1905 வரை, தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரீ பல பருவங்களில் ஆய்வு செய்தார். முறையாகப் பதிவு செய்து, வரைந்து, பட்டியலிட்டு வைத்தவர் அவர்தான். அவர் எழுதிய பொருள் பட்டியல் 1915இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது; அப்பொருள்களை எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வெண்கல மூடிகளின் முன் சிறிது நேரம் நின்று பார்க்காமல் அந்தக் கூடத்தைக் கடந்து செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரீயின் முறையிலும் குறை உண்டு. எந்தப் பொருள் எந்தத் தாழியோடு, எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை இன்று நாம் எதிர்பார்க்கும் நுணுக்கத்தோடு அவர் குறிக்கவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான பொருள்கள் கையில் இருந்தும், இறந்த ஒருவரோடு சேர்ந்திருந்தவை இவை என்று அவற்றுள் பலவற்றைத் தொகுத்துக் காட்ட இயலவில்லை. எலும்பு ஒரு நாட்டிலும் அதனுடன் இருந்த கலம் வேறொரு நாட்டிலும் இருக்கும் நிலைக்கு இந்த இடுகாடு ஆளானது. வெளிநாடு சென்ற பொருள்களைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. பொருள்களோடு மனித எலும்புகளும் போயின என்பதை அந்தக் கோரிக்கையில் யாராவது அழுத்திச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆதிச்சநல்லூரின் வயது என்ன?

பல நூற்றாண்டுகள் பயன்பட்ட இடுகாட்டுக்கு ஒரே வயது இருக்க முடியாது. இதை மறந்துவிட்டு ஓர் எண்ணைக் கேட்பதால்தான் இவ்வளவு குழப்பம் நேர்கிறது.

2004, 2005ஆம் ஆண்டுகளில் கிடைத்த மாதிரிகள் பல ஆண்டுகள் கழித்தே அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 905 என்று வந்தது. அகழாய்வு முடிந்து ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த பொதுநல வழக்கின் போக்கில்தான் இது பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தோண்டுவதில் காட்டிய ஆர்வத்தை அறிக்கை எழுதுவதில் காட்டாமை தொல்லியலில் பெரிய குற்றம் என்றே சொல்வேன். தோண்டிய இடம் மீண்டும் பழையபடி ஆகாது. அறிக்கை ஒன்றே அதற்கு ஈடாக நமக்கு மிஞ்சுவது.

மண்துகள்கள் கடைசியாக ஒளியோ வெப்பமோ பட்ட காலத்தை அளக்கும் ஒளிவழிக் காலக்கணிப்பு முறை, ஓடுகளுக்கு இதைவிடப் பழமையான காலத்தைக் காட்டியிருக்கிறது. ஆனால் அம்முறையில் பிழை எல்லை பெரியது. சில நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் நகரக்கூடும். எனவே கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் இந்த இடுகாடு பயன்பாட்டில் இருந்தது என்பதை உறுதியாகவும், அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பதை வலுவான வாய்ப்பாகவும் சொல்வதே பொருத்தமானது.

சிவகளையில் கிடைத்த ஆண்டுகளை ஆதிச்சநல்லூருக்கும் பொருத்தலாமா?

சிவகளை தாமிரபரணியின் வடபுறத்தில் உள்ள மற்றொரு தாழிக்காடு. அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளையின் ஒரு மாதிரிக்குக் கி.மு. 3345 என்ற ஆண்டைக் குறிப்பிட்டது. இவை ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே பண்பாடு நெடுங்காலம் நிலவியதைக் காட்டுகின்றன. கலங்களின் ஒற்றுமையும் அதையே சொல்கிறது. என்றாலும் ஓர் ஊரின் தாழியில் கிடைத்த ஆண்டை அடுத்த ஊரின் தாழிக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று.

தாழிகளில் எழுத்து இருக்கிறதா?

பானை ஓடுகளில் கீறப்பட்ட குறியீடுகள் இருப்பதில் ஐயமில்லை. ஒரு தாழியின் உட்புறத்தில் தொடக்கநிலைத் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து இருப்பதாக 2004ஆம் ஆண்டு அகழாய்வின்போது செய்தி வந்தது. அதை எழுத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே அகழாய்வில் கிடைத்த, கலத்தின்மேல் களிமண்ணால் ஒட்டிய உருவங்களால் ஆன காட்சி ஒன்று இதைவிடக் கவனத்துக்கு உரியது: உயரமான ஒரு பெண், அருகில் கதிரோடு நிற்கும் பயிர், அதன்மேல் ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் தம் கண்முன் இருந்ததை இறந்தவரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

சங்க இலக்கியம் சொல்வது இந்தத் தாழிகளைத்தானா?

இதே வழக்கத்தைத்தான் சொல்கிறது. இதே இடத்தை அன்று. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி ஊர்க் குயவனை அழைத்து, தானும் உடன் அடங்கும்படி தாழியைப் பெரிதாகச் செய்யச் சொல்கிறாள்: “வியன்மலர் அகன்பொழில் ஈமத் தாழி அகலிது ஆக வனைமோ.” வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லியைப் போலத் தானும் அவனோடு பல காடுகளைக் கடந்து வந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் கவிக்கத்தக்க பெரிய தாழியை வனைய முடியுமா என்று குயவனைக் கேட்கிறார். மணிமேகலை, சுடுகாட்டைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அடக்க முறைகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது: “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்.”

ஆதிச்சநல்லூர்த் தாழிகளுள் காலம் கணிக்கப்பட்டவை இப்பாடல்களைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. ஆகவே பாட்டைக் கொண்டு தாழியை விளக்குவதில் எச்சரிக்கை வேண்டும். மணிமேகலை எழுந்த காலத்தில் சுடுவதும் இடுவதும் தாழியில் கவிப்பதும் ஒரே ஊரின் புறத்தே அருகருகே நடந்தன என்பதை மட்டும் உறுதியாகக் கொள்ளலாம். ஆதிச்சநல்லூரிலேயே இரண்டு அடக்க முறைகள் கலந்திருப்பது, இந்தப் பன்மை மிகப் பழமையானது என்று எண்ண இடம் தருகிறது.

அங்கே அடங்கியவர்கள் எந்த இனத்தவர்? எந்தச் சாதியாரின் முன்னோர்?

மண்டையோடுகளின் நீள அகலங்களை அளந்து இனம் பிரிக்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கியிருந்தது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றி உடற்கூறு அறிஞர் சக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் சென்னையில் வெளிவந்தது. அந்த முறையில் பெறப்பட்ட இனப்பெயர்கள் இன்று அறிவியலில் மதிப்பிழந்துவிட்டன. விரல்விட்டு எண்ணத்தக்க மண்டையோடுகளைக் கொண்டு, பல நூற்றாண்டுகள் பயன்பட்ட இடுகாட்டின் மக்களுக்கு இனப்பெயர் சூட்ட முடியாது.

சாதியைப் பற்றிய கேள்விக்கு விடை இன்னும் சுருக்கமானது. இன்று நாம் அறிந்த சாதிப்பெயர் எதையும் அந்த எலும்புகளோடு இணைக்கச் சான்று இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் இன்று வாழும் எல்லோரும் அவர்களை முன்னோராகக் கருதிக்கொள்ள உரிமை உடையவர்கள். தனி உரிமை கோர யாருக்கும் வழியில்லை.

இப்போது நேரில் சென்று பார்க்க முடியுமா?

முடியும். 2020ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் வரவுசெலவு அறிக்கையில், ராகிகடி, அத்தினாபுரம், சிவசாகர், தோலாவீரா ஆகியவற்றோடு சிறப்புத் தொல்லியல் இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரும் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, தோண்டிய குழிகளில் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்துப் பார்வையாளர் நின்று காணும்படி செய்திருக்கிறார்கள். அங்கே அமையவிருக்கும் அருங்காட்சியகத்துக்கு 2023 ஆகஸ்டு 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்குத் திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் என்ற திட்டத்தை 2021இல் அறிவித்தது.

தாழிகளை எடுத்துச் சென்று கண்ணாடிப் பேழையில் வைப்பதைவிட இருந்த இடத்திலேயே காட்டுவது நல்லது. அடுத்தடுத்து இருக்கும் குழிகளையும் இடையே விட்ட பாறையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இது ஓர் இடுகாடு என்ற உணர்வு வருகிறது. மேட்டின் பிற பகுதிகளில் நடப்பவர்கள் ஓடுகளைப் பொறுக்க வேண்டாம். சிறு ஓடும் பாதுகாக்கப்பட்ட இடத்தின் பகுதியே.

எங்கள் நிலத்தில் தாழி தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

தாமிரபரணிக் கரையில் மட்டுமின்றித் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் கிணறு வெட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் தாழிகள் வெளிப்படுகின்றன. வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள். தாழியை வெளியே எடுக்கவோ உள்ளே உள்ள மண்ணைக் கொட்டவோ வேண்டாம். காலத்தைச் சொல்லக்கூடிய தானியமும் கரியும் அந்த மண்ணில்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் வழியாகவோ மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். ஆட்சியர் அலுவலகம் தொல்லியல் துறைக்குச் சொல்லும். மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் உரிமம் இன்றி விற்பதையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது.

தகவல் கொடுத்தால் நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால் பலர் தாழியை உடைத்து மூடிவிடுகிறார்கள். தாழி ஒன்று கிடைத்ததனாலேயே நிலம் அரசுக்குப் போய்விடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே கட்டடக் கட்டுப்பாடுகள் வரும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கட்டத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்டலாம். தொல்லியல் துறையினர் வந்து சேரும்வரை, தாழி கிடந்த ஆழத்தையும் திசையையும் ஒரு தாளில் குறித்து, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் குழியின் மேல் தார்ப்பாய் விரித்து, நீர் உள்ளே இறங்காதபடி ஓரத்தில் மண் அணைத்து வையுங்கள்.